சிங்கப்பூரிலிருந்து பாத்தாமுக்கு விரைவுப் படகில்: டிக்கெட் முதல் திரும்பி வரும் வரை

சிங்கப்பூர் ஹார்பர்ஃபிரண்ட்டில் காலை 8.30 மணிப் படகில் ஏறினால், பாத்தாமில் இறங்கும்போதும் மணி 8.30தான். சாயங்காலம் 5 மணிக்கு அங்கே ஏறினால், இங்கே இறங்கும்போது மணி 7. கடலில் இருப்பது இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பாத்தாம் ஓர் இந்தோனேசியத் தீவு, அந்நாட்டின் மேற்குப் பகுதி நேரத்தில் ஓடுகிறது, சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது இனாமாகக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் வரும்போது பறிபோகும்.

இதைத் தெரிந்து வைத்திருந்தும் நான் ஏமாந்திருக்கிறேன். மன்னார்குடியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். ஊர் திரும்பும் நாளிலேயே பாத்தாமையும் பார்த்துவிடலாம் என்று கூட்டிப்போனேன். "5 மணிக்குப் படகு, 6 மணிக்கு சிங்கப்பூர், 9.30க்குத் திருச்சி விமானம், தாராளம்" என்று கணக்குப் போட்டதும் நானேதான். வந்து இறங்கியபோது 7 மணி. குடிநுழைவு வரிசையில் இன்னொரு முக்கால் மணி நேரம். பெட்டிகளோடு என் மனைவி சாங்கி விமான நிலையத்தில் காத்திருக்க, டாக்சியில் பாய்ந்து போய் கவுன்டர் மூடும் நேரத்தில் சேர்ந்தோம். மாமா திட்டவில்லை. "மாப்ளே, கடல்ல வந்த நேரத்தவிட நீ மன்னிப்புக் கேட்ட நேரம்தான் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் படகு டிக்கெட்டை நான் கடைசியில்தான் எடுக்கிறேன். முதலில் பார்ப்பது திரும்பும் நேரம், பாஸ்போர்ட், விசா. இந்தப் பயணத்தில் கடலால் வரும் சிக்கல் குறைவு. காகிதத்தாலும் கடிகாரத்தாலும் வருவதுதான் அதிகம்.

முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள்

20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் தீவு என்பதால் ஏதோ சிங்கப்பூரின் உல்லாசத் தீவான செந்தோசாவுக்குப் போகிற மாதிரிக் கிளம்பிவிடுகிறார்கள். இது வேறு நாடு. படகில் ஏறுமுன் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், இறங்கியதும் இந்தோனேசியாவுக்குள் நுழைகிறீர்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி மிச்சம் இருக்கவேண்டும். ஐந்தரை மாதம் இருக்கிறது என்று வாதாடினால் டிக்கெட் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம். சிங்கப்பூர் நிரந்தரவாசிகளாக இருப்பவர்களுக்குப் பாத்தாம், பிந்தான், கரிமுன் தீவுகளுக்கு நான்கு நாள் வரை விசா இல்லாமல் போகும் சலுகை இருக்கிறது. நிரந்தரவாசிகளுக்குரிய நீல அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள், அதைக் காட்டாமல் சலுகை கிடைக்காது.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வேலை அனுமதி அட்டையோடு இருப்பவர்களுக்கும் ஊரிலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கும் வருகைக்குப் பிந்திய விசா, அதாவது இறங்கியபின் வாங்கும் விசா உண்டு. 5 லட்சம் இந்தோனேசிய ரூப்பியா, 30 நாள். சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மாற்றினால் 40 வெள்ளியை ஒட்டி வரும். ஒரே நாளில் திரும்பினாலும் முழுத் தொகை, அடுத்த மாதம் மறுபடி போனால் மறுபடி கட்டவேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் விசாவுக்கே 160 வெள்ளி போய்விடும் என்பதைக் கிளம்பும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இதையே இந்தோனேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் முன்கூட்டி மின் விசாவாக எடுக்கலாம். பாஸ்போர்ட் பக்கத்தின் படமும் வங்கி அட்டையும் இருந்தால் போதும். கூட்ட நாள்களில் விசா கவுன்டர் வரிசையைத் தாண்டிப் போவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. இடைத்தரகர்கள் நடத்தும், அரசு தளம் மாதிரியே தோன்றும் பக்கங்களும் தேடலில் வரும். தொகை அதிகமாகக் காட்டினால் அது அசல் இல்லை என்று வெளியே வந்துவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துப்போவதாக இருந்தால் இந்தோனேசிய விசாவைவிட முக்கியமானது சிங்கப்பூர் விசா. அது எத்தனை முறை நுழையலாம் என்று சொல்கிறது? ஒருமுறை மட்டும் என்றால் பாத்தாம் போகலாம், திரும்பி வர முடியாது. இந்தியர்களுக்கு வரும் விசாக்கள் பல தடவை பலமுறை நுழைவு விசாவாகவே வருகின்றன, ஆனாலும் காகிதத்தை எடுத்து அந்த வரியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும். இன்னொன்று: "பாத்தாம் போய் வந்தால் இன்னும் 30 நாள் கிடைக்கும்" என்று நண்பர்கள் வட்டாரத்தில் ஒரு யோசனை ஓடும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எத்தனை நாள் என்பதை முடிவு செய்கிறவர் அந்த மேசையில் இருக்கும் அதிகாரி. அதை நம்பி ஊர் திரும்பும் விமான டிக்கெட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இறங்கும் துறையை முடிவு செய்யுங்கள், நிறுவனம் அப்புறம்

"எந்தக் கம்பெனி படகு நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். கேட்கவேண்டியது "பாத்தாமில் எங்கே இறங்கவேண்டும்?" என்பதை. பாத்தாம் சின்னத் தீவு இல்லை, சிங்கப்பூரில் பாதிக்குமேல் பரப்பு. தப்பான துறையில் இறங்கினால் டாக்சியில் அரை மணி, முக்கால் மணி வீணாகும்.

பாத்தாம் சென்டர்தான் முதல் தடவை போகிறவர்களுக்கு வசதி. துறைமுகத்திலிருந்து ஒரு நடைபாலம் நேரே எதிரில் இருக்கும் மெகா மால் கடைத்தொகுதிக்குள் கொண்டுபோய் விடும். மழை பெய்தாலும் பிரச்சினை இல்லை, சாப்பாடு, நாணய மாற்று, கழிப்பறை எல்லாம் அங்கேயே. நாகோயா பக்கம் கடைத்தெருவுக்கும் ஹோட்டலுக்கும் போகிறவர்களுக்கு ஹார்பர் பே பக்கம். மேற்கே இருக்கும் செக்குப்பாங் போனால் கடல் பயணம் கொஞ்சம் குறையும். தீவின் வடகிழக்கு முனையில் இருக்கும் நோங்சாபுராவுக்கு ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து போகக்கூடாது, சிங்கப்பூரின் தானா மேரா படகுத்துறையிலிருந்து போகவேண்டும். கடலோர ரிசார்ட்டும் கோல்ஃப் மைதானங்களும் அந்தப் பக்கம்தான்.

இனி நிறுவனங்கள். பாத்தாம் ஃபாஸ்ட், சிண்டோ, மெஜெஸ்டிக், ஹொரைசன் என்ற நான்கு பெயர்களையும் கவுன்டர்களில் பார்க்கலாம். ஹொரைசன் ஹார்பர் பேக்கு ஓட்டுகிறது. தானா மேராவிலிருந்து நோங்சாபுராவுக்கு பாத்தாம் ஃபாஸ்ட். பாத்தாம் சென்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள். படகுகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லாமே குளிரூட்டிய கூடம், பேருந்து மாதிரி வரிசை இருக்கைகள், எண் கிடையாது, முந்தியவருக்கு முதல் இடம். ஒரு நிறுவனத்தின் டிக்கெட் இன்னொரு நிறுவனத்தின் படகில் செல்லாது என்பதுதான் நிஜமான வித்தியாசம். ஆகவே மலிவைப் பார்க்காமல் அட்டவணையைப் பாருங்கள்: நீங்கள் திரும்ப நினைக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் யாருக்கு அதிகப் படகு இருக்கிறதோ அவர்களிடம் எடுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது இருக்கும்.

டிக்கெட்

கொரோனாவில் நின்றுபோன சேவை 2022இல் மறுபடி ஓடத் தொடங்கியபோது விலை பளிச்சென்று ஏறியது. முன்பு 50 வெள்ளிக்குள் போய் வந்த பழைய ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். இப்போது போக வர எல்லாக் கட்டணமும் சேர்த்து 70, 80 வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் 40 வெள்ளி என்று கண்டால் ஆசைப்படாதீர்கள்: துறைமுகக் கட்டணம் இரண்டு பக்கமும், எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வந்து சேரும். பாத்தாம் பக்கத்துத் துறைமுகக் கட்டணம் டிக்கெட்டில் அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அடங்காவிட்டால் திரும்பும்போது அங்கே ரூப்பியாவில் கட்டவேண்டும், கையில் இருந்த கடைசி நோட்டையும் தேங்காய் இளநீருக்குக் கொடுத்துவிட்டு நிற்கும்போது அது தெரியவரும்.

இருவழி டிக்கெட்டில் திரும்பும் நேரத்தைத் திறந்தே வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. வார நாளில் இது சௌகரியம். சனி, ஞாயிறு, நீண்ட விடுமுறை என்றால் வேண்டவே வேண்டாம், திரும்பும் படகையும் அப்போதே குறித்துவிடுங்கள். பயணிகள் யார் என்று யோசித்தால் இது ஏன் என்று புரியும். பாத்தாம் ஒரு தொழிற்சாலைத் தீவு. பின்னாளில் இந்தோனேசிய அதிபரான ஹபிபி 1970களின் இறுதியிலிருந்து இருபது ஆண்டுகள் இந்தத் தீவின் வளர்ச்சி ஆணையத்தை நடத்தினார். 1990களில் சிங்கப்பூர் முதலீட்டோடு பாத்தாமிண்டோ தொழிற்பேட்டை வந்தது. திங்கள் காலைப் படகில் மடிக்கணினியோடு தூங்கி வழிகிறவர்கள் அந்த ஆலைகளுக்குப் போகும் பொறியாளர்கள். வெள்ளி சாயங்காலம் கோல்ஃப் பையும் குடும்பமுமாகப் பொழுதுபோக்குக் கூட்டம் கிளம்பும், ஞாயிறு சாயங்காலம் அத்தனையும் ஒன்றாகத் திரும்பும். ஞாயிறு 5 மணிக்கும் 8 மணிக்கும் நடுவே பாத்தாம் சென்டரில் நின்று பார்த்தவர்கள் அடுத்த பயணத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம், படகு எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த ஊர் நேரம். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், இல்லாமலும் இருக்கும். முழுப்பெயரை இரண்டு கட்டத்திலும் பிரித்துப்போட்டுக் குழம்புவதைவிட, பாஸ்போர்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே பார்த்து அடியுங்கள்.

கிளம்பும் நாள்

ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி மேலே ஏறினால் கடைத்தொகுதிக்குள்ளேயே படகுத்துறை. வயதான டாக்சி ஓட்டுநரிடம் சொல்லும்போது வேர்ல்டு டிரேட் சென்டர் என்றாலும் புரிந்துகொள்வார், பழைய பெயர் அதுதான். தானா மேரா படகுத்துறை அதே பெயருள்ள எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம் என்று நினைத்துப் போய்விடாதீர்கள், அங்கிருந்து 35ஆம் எண் பேருந்தோ டாக்சியோ வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் படகைத் தவறவிட்டவர்கள் என் நண்பர்களிலேயே இரண்டு பேர்.

புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போர்டிங் பாஸ் வாங்குவது, பைச் சோதனை, குடிநுழைவு என்று மூன்று வரிசை. கிளம்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். படகு கண்ணெதிரே கட்டிக் கிடக்கும், ஏறமுடியாது. போர்டிங் பாஸ் தரும்போது திரும்பும் பயணத்துக்குரியதையும் சேர்த்துக் கொடுத்தால் அதைப் பாஸ்போர்ட்டுக்குள் வைக்காதீர்கள், மூன்று இடத்தில் பாஸ்போர்ட்டை நீட்டும்போது எங்கேயாவது நழுவிவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தோனேசியாவுக்குள் நுழைகிறவர்கள் சுங்கம், சுகாதாரம் பற்றிய விவரங்களை இணையத்தில் நிரப்பவேண்டும். 2025 அக்டோபரிலிருந்து இவை 'ஆல் இந்தோனேசியா' என்ற ஒரே படிவத்தில் வருகின்றன. கட்டணம் இல்லை. முடிவில் ஒரு கியூஆர் குறி வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இறங்கியபின் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால், உள்ளே கைப்பேசிச் சிக்னலும் வைஃபையும் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியிருக்கும்.

படகுக்குள்

எல்லோரும் முன்வரிசைக்கு ஓடுவார்கள். கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாமே என்ற ஆசை. ஆனால் படகு அலையில் மோதித் தூக்கிப்போடுவதும் முன்பக்கம்தான். வயிறு லேசாகப் புரட்டும் ஆட்களுக்குக் கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து பின்பக்கம் நல்லது. பெரும்பாலும் ஏறிய கதவு வழியாகவேதான் இறக்குவார்கள், அதனால் அந்தக் கதவைக் கண்ணில் வைத்து உட்காருங்கள். இறங்கியதும் குடிநுழைவு வரிசையில் முதல் இருபது பேருக்குள் நிற்பதா, இருநூறாவது ஆளாக நிற்பதா என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அத்தைக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம், நன்றாகவே வேலை செய்தது. மாத்திரைதான் என்றால் ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி முன்பே போடவேண்டும், குமட்டத் தொடங்கியபின் போட்டுப் பிரயோசனம் இல்லை.

உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்ததும் பாருங்கள். சில படகுகளில் இருக்கைக்கு அடியில், சிலவற்றில் பெட்டியில். குழந்தைகளுக்கு அளவு வேறு, அது தனியாக இருக்கும். குழந்தையோடு போகிறவர்கள் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. யாரும் கேட்பதில்லை, கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பதும் இல்லை.

துறையை விட்டு வெளியேறும்வரை படகு மெதுவாகத்தான் போகும். செந்தோசாவைத் தாண்டியபின் இயந்திரச் சத்தம் மாறும், மூக்கு நிமிரும், மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். அப்புறம் திடீரென்று நடுக்கடலில் வேகம் குறைந்தால் பயப்படவேண்டாம். சிங்கப்பூர் நீரிணை உலகத்திலேயே கப்பல் நெரிசல் மிகுந்த வழிகளில் ஒன்று. நெடுஞ்சாலை மாதிரி அதற்கு இரண்டு தடம்: மேற்கே போகும் கப்பல்கள் சிங்கப்பூர் ஓரமாக, கிழக்கே போகிறவை இந்தோனேசிய ஓரமாக. நம் படகு தெருவைக் கடக்கிற பாதசாரி. கூடியவரை நேர் குறுக்காகக் கடக்கவேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. எண்ணெய்க் கப்பல் ஒன்று நினைத்தவுடன் நிற்காது, திரும்பாது. ஆகவே நம் மாலுமி வேகத்தைக் குறைத்து அதன் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். அந்த நிமிடத்தில் சன்னல் பக்கம் இருந்தால் பாருங்கள்: சன்னல் முழுவதும் துருப்பிடித்த சிவப்புச் சுவராக ஒரு கப்பல் நகரும், முடியவே முடியாது. அது போனபின் அதன் பின்னால் எழும் அலை வந்து படகை இரண்டு மூன்று தடவை குலுக்கும். மாமா அந்தக் குலுக்கலில்தான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தார், பாத்தாம் வரும்வரை விடவில்லை.

பருவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீரிணை தீவுகளுக்கு நடுவே இருப்பதால் பெருங்கடல் மாதிரி கொந்தளிப்பு அபூர்வம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்றில் ஆட்டம் கூடும், நோங்சாபுரா வழியில் இன்னும் கொஞ்சம். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் 'சுமத்ரா' என்று சொல்லும் புயல்மழை மேற்கிலிருந்து வரிசை கட்டி வரும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் காலை முதல் படகு தாமதமாகலாம்.

இறங்கியதும்

மின் விசா இருக்கிறவர்கள் நேராகக் குடிநுழைவு வரிசைக்கு. இல்லாதவர்கள் முதலில் விசா கவுன்டர், பணம் கட்டி ரசீது, அப்புறம்தான் குடிநுழைவு. இந்த வரிசையை மாற்றி நின்று, அரை மணி கழித்து மேசைக்குப் போய்த் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஒவ்வொரு படகிலும் இரண்டு மூன்று பேர் உண்டு. தனியாகவோ நண்பர்களாகவோ வரும் இளைஞர்களிடம் எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். ஹோட்டல் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கைப்பேசியில் தயாராக இருக்கட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணத்தைச் சிங்கப்பூரிலேயே மாற்றிக்கொள்வது என் பழக்கம், லிட்டில் இந்தியாவில் முஸ்தபா பக்கம் நல்ல விலை கிடைக்கிறது. ஒரு வெள்ளிக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் ரூப்பியா கிடைப்பதால் கையில் சட்டென்று லட்சாதிபதி ஆகிவிடுவீர்கள். சிவப்பு நோட்டு ஒரு லட்சம், நீலம் ஐம்பதாயிரம், ஊதா பத்தாயிரம். சைபர்களை எண்ணிக்கொண்டு நிற்காமல் நிறத்தைப் பழகுங்கள். கடையில் "ஐம்பது" என்று சொன்னால் ஐம்பதாயிரம் என்று பொருள், ஆயிரத்தை வாயில் விழுங்கிவிடுவார்கள்.

டாக்சிக்காரர்கள் வாசலிலேயே சூழ்ந்துகொள்வார்கள். கிராப், கோஜெக் செயலிகள் பாத்தாமில் ஓடுகின்றன, ஆனால் துறைமுக வாசலுக்கே வந்து ஏற்ற உள்ளூர் டாக்சிக்காரர்கள் விடுவதில்லை. பாத்தாம் சென்டரில் இறங்கினால் நடைபாலம் வழியாக மெகா மாலுக்குப் போய் அங்கிருந்து கூப்பிடுங்கள், தகராறே இல்லை. மூன்று நான்கு இடம் சுற்றுவதானால் ஓட்டுநரோடு காரை நாள் வாடகைக்குப் பேசுவது மலிவு. எத்தனை மணி நேரம், பெட்ரோல் சேர்த்தா என்பதை ஏறும் முன் பேசிவிடுங்கள்.

என்ன பார்ப்பது என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஒரு நாள் பயணத்தில் எது முடியும், எது முடியாது என்று மட்டும் சொல்கிறேன். நாகோயா கடைத்தெரு, ஒரு கடலுணவுச் சாப்பாடு, பாரெலாங் முதல் பாலம், இவ்வளவு முடியும். அந்த முதல் பாலத்தோடு சேர்த்து ரெம்பாங், காலாங் தீவுகள்வரை மொத்தம் ஆறு பாலங்கள் போகின்றன. காலாங்கில் 1979 முதல் 1996 வரை வியட்நாம் அகதிகள் முகாம் இருந்தது. அவர்கள் வந்த மரப்படகுகளை அங்கே இன்னும் வைத்திருக்கிறார்கள். நாம் குளிரூட்டிய படகில் ஒரு மணி நேரத்துக்கே எலுமிச்சம்பழம் தேடியதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் அது தீவின் மறுகோடி, ஒரு இரவு தங்குகிறவர்களுக்குத்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். "தன்பா டாகிங், தன்பா இகான்" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். அதோடு நிறுத்தினால் போதாது. சம்பலிலும் கீரைப் பொரியலிலும் 'தெராசி' என்ற இறால் விழுது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். "தன்பா தெராசி" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சோயாவில் செய்யும் தெம்பேயும் தோஃபுவும் எங்கும் கிடைக்கும். அத்தை தெம்பேயை வடை என்றே முடிவு செய்து நான்கு துண்டு சாப்பிட்டார்கள்.

திரும்பும்போது

கைப்பேசியை நம்பாதீர்கள். பாத்தாமின் வடகரையில், குறிப்பாக நோங்சா, செக்குப்பாங் பக்கம், சிங்கப்பூர்க் கோபுரங்களின் சிக்னல் எட்டும். கைப்பேசி ஒரு நிமிடம் இந்தோனேசிய நேரம் காட்டும், மறு நிமிடம் சிங்கப்பூர் நேரத்துக்குத் தாவும். தானியங்கி நேர மாற்றத்தை அணைத்துவிட்டு, கையால் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நான் பாத்தாம் நேரத்தை வைக்கிறேன், டிக்கெட்டோடு அதுதானே ஒத்துப்போகவேண்டும். திரும்பும் நேரத்தை இப்படி எண்ணுங்கள்: புறப்படும் மணியோடு இரண்டைக் கூட்டினால் சிங்கப்பூரில் இறங்கும் மணி, வரிசைக்கு இன்னொன்று கூட்டினால் தெருவுக்கு வரும் மணி. பாத்தாமில் 8 மணிக்குக் கிளம்பினால் ஹார்பர்ஃபிரண்ட் வாசலில் நிற்கும்போது 11. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். அதே நாளில் விமானம் இருந்தால் பாத்தாமுக்கே போகாதீர்கள்.

சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறோம் என்பதால் வருகையாளர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் மீண்டும் நிரப்பவேண்டும். முதலில் விமானத்தில் வந்தபோது நிரப்பியது இதற்குச் செல்லாது. வருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம், இலவசம். கிளம்பும் காலையிலேயே வீட்டில் உட்கார்ந்து நிரப்பிவிடுவது என் வழி. மறந்தவர்கள் படகுக்கூடத்தில் ஒருவர் தோளில் ஒருவர் எட்டிப்பார்த்து நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

பையில் என்ன இருக்கிறது என்பது கடைசிச் சோதனை. பாத்தாமில் சிகரெட் மலிவு. சிங்கப்பூருக்குள் ஒரு சிகரெட்டுக்கும் வரிச்சலுகை கிடையாது, திறந்த பாக்கெட்டில் இரண்டு இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். மின்சிகரெட், மெல்லும் புகையிலை, சூயிங்கம் மூன்றும் உள்ளே வரவே கூடாது. மதுவுக்கு வரிச்சலுகை வேண்டுமானால் 48 மணி நேரமாவது வெளியே தங்கியிருக்கவேண்டும், ஒரு நாள் பயணிக்கு அது இல்லை. வாங்கிய பொருள்களுக்கு ஜிஎஸ்டி விலக்கும் அப்படித்தான்: 48 மணி நேரத்துக்குமேல் வெளியே இருந்தால் 500 வெள்ளி வரை, குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரை. வேலை அனுமதி, மாணவர் அனுமதி அட்டைக்காரர்களுக்கு இந்த விலக்கு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்க் கேளுங்கள், கேட்டதற்கு அபராதம் இல்லை.

யாராவது துறைமுகத்தில் "இதை அந்தப் பக்கம் என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு பொட்டலத்தை நீட்டினால், தமிழிலேயே கேட்டாலும், வாங்கவே வாங்காதீர்கள். இரண்டு நாட்டிலும் போதைப்பொருளுக்கு மரண தண்டனை இருக்கிறது. லாப்பிஸ் கேக் பெட்டியை மட்டும் தாராளமாகத் தூக்கி வரலாம். மாமா மூன்று வாங்கினார். அவற்றில் ஒன்றை விமான நிலையத்துக்குப் போகிற டாக்சியிலேயே மறந்து வைத்துவிட்டார்.